“என்ன முறை?” – எங்கட தமிழ் எம்பிமாருக்கு வெள்ளவத்தையில இருந்து ஒரு திறந்த மடல்

ஐயாமார், அம்மாமார், அண்ணைமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

வடக்கில இருந்து பாராளுமன்றத்துக்கு வந்தவை, கிழக்கில இருந்து வந்தவை, மலையகத்தில இருந்து வந்தவை, கொழும்பில எங்கட வோட்டில வந்தவை, எந்தக் கட்சியெண்டாலும் சரி, சபையில எழும்பித் தமிழ்ல கதைக்கிற எல்லாருக்கும் சேத்துத்தான் இத எழுதுறன். ஒண்டா வாழுற ரெண்டு பொம்பிளையளுக்கும் ரெண்டு ஆம்பிளையளுக்கும் சட்டத்தில ஒரு இடம் வேணும் எண்டு கேக்கத்தான் இந்த மடல். கொஞ்சம் நீட்டா வரும், ஆனா கடைசி மட்டும் வாசியுங்கோ.

எனக்கு 41 வயசு. காலி வீதியில இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கிற ஒழுங்கை ஒண்டில ஒரு கொமியூனிகேசன் கடையில 14 வருசமா வேலை செய்யிறன். போட்டோகொப்பி, ரீலோட், பாஸ்போர்ட் படம், விசா போம் நிரப்பிறது, அதோட தமிழ் டைப்பிங். டைப்பிங்ல முக்கால்வாசி மரண அறிவித்தல்தான். செத்தவீட்டில இருந்து ஆராவது ஒரு கொப்பித் தாளில எழுதிக்கொண்டு வருவினம், நான் அடிச்சு, படத்தை வெட்டி வைச்சு, பேப்பருக்கு அனுப்பிப்போட்டு, கனடா லண்டன் சொந்தங்களுக்கு வட்ஸ்அப்பில போட ஒரு கொப்பியும் குடுப்பன். அந்த அறிவித்தல் எப்பிடிப் போகும் எண்டு உங்கள் எல்லாருக்கும் பாடம். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட, அன்னார் காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் மைத்துனியும் ஆவார். ஒரு மனுசர் ஆரெண்டு எங்கட சனத்துக்கு விளங்கிறதே அந்த “உம்” “உம்” எண்டு போற வரியிலதான். ஆருக்கு என்ன முறை எண்டதுதான் எங்களுக்கு ஆளே. மகன்ர மாமியாரின்ர பெயர் விடுபட்டுப்போச்செண்டு விடிய 5 மணிக்குக் கடைக் கதவில தட்டின ஆக்கள் இருக்கினம், நான் அதில பிழை சொல்லமாட்டன், அது மரியாதை.

போன வருசம் அப்பிடி ஒரு அறிவித்தல் அடிச்சனான். அதுக்குப் பிறகுதான் இந்த மடல் எனக்குள்ள கிடந்து அரிக்குது.

செத்தது ஒரு ரிட்டயர் ரீச்சர். வயசு 71. கலியாணம் முடிக்காதவ. ஆனா தனிய இருந்தவ இல்ல. அவவோட இன்னொரு அக்கா இருந்தவ, வீட்டில தையல் மெசின் வைச்சு சாரி பிளவுஸ் தைக்கிறவ, எங்கட பக்கத்தில பாதிப் பொம்பிளையளுக்கு அவவைத் தெரியும். ரெண்டுபேரும் சந்திச்சது 1995 ஒக்டோபர் 30. அந்தத் திகதி எங்கட ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்ல, போரால யாழ்ப்பாணத்தில வலிகாமம் முழுக்க எழும்பி நாவற்குழிப் பாலத்தால நடந்த இரவு. சனத்துக்குள்ள நசிபட்டு, மழையில நனைஞ்சு, சாவகச்சேரியில ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில பக்கத்தில பக்கத்தில பாய் விரிச்சுப் படுத்தவை. அக்கான்ர பாய் நனைஞ்சுபோச்சு, ரீச்சர் தன்ர பாயில பாதி குடுத்தவ. இத அக்கா எனக்குப் பல தரம் சொன்னவ, ஒவ்வொரு தரமும் அந்தப் பாய் பன்பாயா ஓலைப்பாயா எண்டதில மட்டும் ரீச்சரோட ஒரு சண்டை வரும். 97 இல கொழும்புக்கு வந்தவை. 27 வருசம் ஒரே கூரைக்குக் கீழ, ஒரே சமையல், ஒரே சாமித்தட்டு.

அந்த 27 வருசமும் அவையிட்ட எல்லாரும் கேட்ட கேள்வி ஒண்டுதான். என்ன முறை?

லொட்ஜில கேட்டவை. பொலிஸ் பதிவில கேட்டவை. அந்தக் காலத்தில கொழும்பில தமிழாக்கள் இருக்கிறதெண்டா பொலிசில பதியவேணும், ஆர் ஆரோட இருக்கிறது, எந்த ஊர், என்னத்துக்கு வந்தது, எப்ப போறது எண்டு அந்தப் போமில எழுதவேணும், உங்களுக்கு இது என்னைவிட நல்லாத் தெரியும். ரீச்சர் ஒவ்வொரு தரமும் “ஒண்டுவிட்ட சகோதரி” எண்டு எழுதினவ. 2007 ஜூன் 7 விடிய வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை லொட்ஜ் எல்லாம் போய் சனத்தை எழுப்பி பஸ்சில ஏத்தி வவுனியாப் பக்கம் கொண்டுபோன அண்டைக்கு இவையும் நடுங்கிக்கொண்டு இருந்தவை. ஒராளைக் கொண்டுபோய் மற்றாளை விட்டா ஆரைக் கேக்கிறது, என்னெண்டு சொல்லிக் கேக்கிறது. அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அத நிப்பாட்டினது. அப்ப நீங்கள், உங்களுக்கு முன்னால இருந்தவை, சபையில எழும்பிக் கத்தினீங்கள். இந்த நாட்டில ஒருத்தர் எங்க இருக்கிறது, ஆரோட இருக்கிறது எண்டத கேக்க அரசாங்கத்துக்கு என்ன உரிமை எண்டு. அந்தக் கேள்வியைத்தான் இண்டைக்கு நான் உங்களிட்ட திருப்பிக் கொண்டுவாறன்.

ரீச்சர் செத்த அண்டைக்கு மத்தியானம் அவவின்ர தம்பியின்ர மகன் கடைக்கு வந்தவர். நல்ல பெடியன், மரியாதையானவர். தாளில வடிவா எழுதிக்கொண்டு வந்தவர். தாய் தகப்பன் பெயர், சகோதரங்கள் நாலு பேர், அதில ரெண்டு பேர் காலஞ்சென்றவை, மச்சாள்மார், பெறாமக்கள் 11 பேர், பேரப்பிள்ளையள், கனடாவில இருக்கிற பெறாமகளின்ர புருசன்ர பெயர் வரைக்கும். நான் அடிச்சுக்கொண்டு போய் கடைசியில நிப்பாட்டி, “தம்பி, அக்கான்ர பெயர்?” எண்டு கேட்டன். அவர் ஆரெண்டு ஒருக்கா யோசிச்சு, “ஆ, அவவா, அவ சொந்தமில்லத்தானே அன்ரி” எண்டார். கெட்ட எண்ணத்தில சொல்லேல்ல. அவருக்கு உண்மையாவே எந்த இடத்தில போடுறதெண்டு தெரியேல்ல. அன்பு மகளும் எண்ட இடத்தில போடேலாது, சகோதரி எண்ட இடத்தில போடேலாது. அந்த வசனத்தில அக்காவுக்கு ஒரு இடமே இல்ல.

நான் அடிச்சு அனுப்பிப்போட்டன். ஒண்டும் சொல்லேல்ல.

நான் ஏன் அண்டைக்குச் சொல்லியிருக்கவேணும் எண்டா, நானும் அந்த அக்கா போல ஒராள்தான். நானும் என்ர துணையும் 11 வருசமா ஒண்டா இருக்கிறம். அவள் ஒரு கொம்பனியில கணக்கெழுதிறவள். வீட்டுக்காரருக்கு நாங்கள் சித்தி பெரியம்மா பிள்ளையள். ஜிஎஸ்சுக்கும், அதுதான் கிராம சேவகருக்கும், அப்பிடித்தான். என்ர அம்மாவுக்கு அவள் “கூட இருக்கிற பிள்ளை”. 11 வருசமா கூட இருக்கிற பிள்ளை.

செத்தவீடு மலர்ச்சாலையில நடந்தது. முன்வரிசையில மச்சாள்மார் இருந்து, வாற பொம்பிளையள் அவையைக் கட்டிப்பிடிச்சு அழுதினம். அக்கா மூண்டாம் வரிசையில, பக்கத்து வீட்டு ஆக்களோட. அவவிட்ட ஒருத்தரும் போய்க் கையைப் பிடிக்கேல்ல, ஏனெண்டா ஆரைப் பிடிக்கவேணும் எண்டு சனத்துக்குத் தெரியிறதும் அந்த அறிவித்தலைப் பாத்துத்தான். என்ர துணை போய்ப் பக்கத்தில இருந்தவள். அக்கான்ர மடியில ஒரு சொப்பிங் பாக், அதுக்குள்ள ரீச்சரின்ர கண்ணாடி. ஆஸ்பத்திரியில நேர்ஸ் குடுத்தது. பெட்டி மூட முதல் அந்தக் கண்ணாடியைப் போட்டுவிடவேணும், அவ கண்ணாடி இல்லாம ஒண்டும் பாக்கமாட்டா எண்டு மெல்லிசாச் சொன்னவ. ஆரிட்டக் கேக்கிறதெண்டு தெரியாம அப்பிடியே வைச்சிருந்தவ. பெட்டி மூடி, பெடியள் தூக்கி, கனத்தைக்குக் கொண்டுபோட்டினம். பொம்பிளையள் நாங்கள் சுடலைக்குப் போறேல்லத்தானே. கண்ணாடி இப்பவும் அவவிட்டத்தான் இருக்கு.

வீடு ரீச்சரின்ர பெயரில. ரீச்சரின்ர கிராஜுவிட்டிக் காசும் அக்கா தைச்ச காசும் சேத்துத்தான் வாங்கினது, ஆனா உறுதியில ஒரு பெயர்தான். மரணசாசனம் எழுதேல்ல. சட்டப்படி அது சகோதரங்களுக்குப் போச்சு. 31 ஆம் நாள் கிரியை முடிய வீட்டைக் காலி பண்ணச் சொன்னவை, கத்திப்பேசேல்ல, மரியாதையாத்தான் சொன்னவை. இப்ப அக்கா தெஹிவளையில ஒரு அறையில இருக்கிறா. தையல் மெசினை வைக்க இடமில்ல எண்டு எங்கட வீட்டில வைச்சிருக்கு.

ஒரு நிமிசம் சட்டத்தைப் பாப்பம். ஏனெண்டா ஆக்கள் “ரெண்டுபேர் ஒண்டா இருக்க ஆர் தடுத்தது, பேப்பர் என்னத்துக்கு” எண்டு கேக்கினம். ஒரு ஆணும் பொண்ணும் விவாகப் பதிவாளருக்கு முன்னால போய் ரெண்டு சாட்சியோட ஒரு கையெழுத்துப் போட்டா அந்த ஒரு நாளில அவ்வளவும் வந்திடும். மரணசாசனம் இல்லாட்டியும் சொத்தில பங்கு. அரசாங்க வேலை செய்த பொம்பிளை செத்தா புருசனுக்குத் தபுதாரர் ஓய்வூதியம், அது 1983 இல இருந்து இருக்கு. ஆஸ்பத்திரியில ஒப்பரேசனுக்குக் கையெழுத்து. பிரேதத்தைப் பாரமெடுக்கிற உரிமை. எங்களுக்கு இதில ஒவ்வொண்டையும் தனித்தனியா வெட்டி ஒட்டவேணும். நானும் அவளும் இந்த வருசம் நொத்தாரிசிட்டப் போய் ரெண்டு சாட்சியை வைச்சு மரணசாசனம் எழுதினாங்கள். அவரும் பேனையைத் தூக்கிக்கொண்டு கேட்டார், “உங்களுக்கு அவ என்ன முறை?” சிநேகிதி எண்டன். அவர் எழுதினார். அந்த உறுதி வீட்டுச் சாமானைக் காப்பாத்தும். ஓய்வூதியத்தைத் தராது. அறிவித்தல்ல இடம் தராது. பதிவு செய்த மனைவியைத் தூக்கி மூண்டாம் வரிசையில இருத்த ஒருத்தருக்கும் துணிவு வராது, எழுதின மரணசாசனத்துக்கு அந்தப் பலம் இல்ல.

இதுக்கும் முதல் இன்னொரு கதவு இருக்கு. எங்கட தண்டனைச் சட்டக்கோவை 1883 இல வெள்ளைக்காரன் எழுதினது. ஒரே பாலாரின்ர உறவைக் குற்றமாக்கிற 365 ஆம் பிரிவும் 365A பிரிவும் அதிலதான் இருக்கு. முதலாவதுக்கு 10 வருசம் வரைக்கும், மற்றதுக்கு 2 வருசம் வரைக்கும் மறியல். 1995 வரைக்கும் 365A ஆம்பிளையளுக்கு மட்டும்தான். 1995 இல அதத் திருத்தேக்க எடுத்துவிடலாம் எண்டு கேட்டவையும் இருந்தினம், ஆனா எடுக்காம “ஆண்” எண்ட சொல்லை “எந்த ஆள்” எண்டு மாத்திப்போட்டினம், அப்பதான் பொம்பிளையளும் உள்ள விழுந்தாங்கள். அதே வருசம்தான் கலியாண வயசை 18 ஆக்கினதும், அது எங்கட பிள்ளையளுக்குச் செய்த பெரிய நல்ல காரியம். ஒரே வருசத்தில ஒரே சபை ரெண்டையும் செய்திருக்கு. ரீச்சரும் அக்காவும் பாயைப் பகிர்ந்து படுத்த அதே வருசம், அவையைக் குற்றவாளியாக்கிறதுக்குச் சொல்லு மாத்தினது. அவைக்கு அது தெரியாது. கன காலத்துக்குப் பிறகு நான்தான் ரீச்சருக்குச் சொன்னன். அவ ஒண்டும் சொல்லாம எழும்பிப்போய்த் தேத்தண்ணி போட்டவ.

இந்தச் சட்டத்தில ஆரையும் பிடிக்கிறேல்லத்தானே எண்டு சொல்லாதேங்கோ. 2020 இல ஹியூமன் ரைட்ஸ் வொச் எண்ட மனித உரிமை அமைப்பும், கொழும்பில எங்களைப்போல ஆக்களுக்காக வேலை செய்யிற ஈக்குவல் கிரவுண்டும் வெளியில விட்ட விசயம், 2017 இல இருந்து குறைஞ்சது 7 பேரை “நிரூபிக்கிறதுக்கு” எண்டு கட்டாயப்படுத்தி உடம்புச் சோதனை செய்திருக்கினம். பிடிக்காட்டியும் அந்தச் சட்டம் வேலை செய்துகொண்டுதான் இருக்கு. வீட்டுக்காரர் எழும்பு எண்டா பொலிசுக்குப் போகேலாது. தமையன் அடிச்சா போகேலாது. கப்பம் கேட்டு மிரட்டினா போகேலாது. 

நான் கொஞ்ச வருசமா பின்னேரங்களில எங்களைப்போல ஆக்களுக்கு உதவுற ஒரு குழுவில, உதவி கேட்டுத் தமிழ்ல வாற போனை எடுக்கிறனான். இதில வேலை செய்யிற பெரிய ஆக்கள் கொழும்பில கனகாலமா இருக்கினம், ஈக்குவல் கிரவுண்டை 2004 இல தொடங்கின ரொசானா பிளேமர்-கல்தேரா ஐநாவின்ர பெண்கள் உரிமைக் குழு வரைக்கும் போய் 2022 இல இந்தச் சட்டம் பெண்களின்ர உரிமையை மீறுது எண்டு தீர்ப்பு எடுத்துக்கொண்டு வந்தவ. ஆனா கூட்டங்கள் இங்கிலீசிலயும் சிங்களத்திலயும்தான் ஓடும், தமிழ்ல போன் வந்தா எடுக்க ஆள் குறைவு. நான் போன புதுசில ஒரு துண்டுப்பிரசுரத்தைத் தமிழாக்கத் தந்தவை. முதல் வசனத்திலயே நிண்டுபோனன். எங்களுக்கு என்ன சொல்லு? பேப்பரில வாறது “ஓரினச்சேர்க்கையாளர்”, அதில சேர்க்கை மட்டும்தான் இருக்கு, 27 வருசம் சேந்து சமைச்சது இல்ல. “தன்பாலீர்ப்பாளர்” எண்டு இப்ப எழுதினம், எனக்கு அது பிடிச்சிருக்கு. ஆனா போன் எடுக்கிற பிள்ளையள் ஒண்டையும் சொல்லிறேல்ல. “அக்கா, நான் அப்பிடி” எண்டுதான் சொல்லுவினம். அப்பிடி. அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு ஒரு நிமிசம் சத்தமே வராது, நான் லைனில இருக்கிறன் பிள்ளை, கதையும் எண்டு சொல்லவேணும்.

ஹட்டன் பக்கத்தில இருந்து ஒரு பிள்ளை, 23 வயசு. போனைப் பறிச்சு வைச்சிட்டினம், இது பக்கத்து வீட்டு ஆச்சியின்ர போன். இன்னும் மூண்டு கிழமையில கலியாணம். மாப்பிள்ளையும் நல்லவராம். அந்தப் பிள்ளை என்னட்ட ஒரு கேள்விதான் கேட்டது, “அக்கா, நான் மாட்டன் எண்டு பொலிசில சொன்னா அவங்க ஏன் மாட்டன்னு கேப்பாங்கல்ல, அப்ப நான் என்ன சொல்றது?” நான் லோயர் அக்காவிட்ட லைன் குடுத்தன். பேந்து அந்த நம்பர் எடுக்கேல்ல. இண்டைக்கும் இடைக்கிடை எடுத்துப் பாக்கிறனான்.

கலியாணம் எண்ட சொல்லு எங்கட ஆக்களுக்குள்ளயே ஒரு சண்டைதான், அதையும் மறைக்காமல் சொல்லுறன். குழுவில இருக்கிற இளம் பிள்ளையள் சொல்லுவினம், அக்கா முதல் மறியலை எடுப்பம், வேலையில பாதுகாப்பு எடுப்பம், கலியாணம் எல்லாம் வசதியான ஆக்களின்ர கோரிக்கை, அதோட கலியாணம் எண்டது என்ன, சீதனம், சாதி, சாதகம், பொம்பிளையை அடக்கிற ஒரு ஏற்பாடு, அதுக்குள்ள போக ஏன் வரிசையில நிக்கிறியள் எண்டு. பிழையெண்டு சொல்லேலாது. கலியாணத்துக்குள்ள அடிபட்ட பொம்பிளையளையும், அதுக்குள்ள பிடிச்சுத் தள்ளப்பட்ட எங்கட பிள்ளையளையும் நான் போனில ஒவ்வொரு கிழமையும் கேக்கிறன். கனகாலமா நானும் அவையோட சேந்து “பேந்து பாப்பம்” எண்டுதான் சொன்னனான். ரீச்சரின்ர அறிவித்தலை அடிச்சதுக்குப் பிறகு என்னால அப்பிடிச் சொல்ல முடியேல்ல. எனக்குத் தாலியும் வேண்டாம், மண்டபமும் வேண்டாம், கோயிலையும் ஐயரையும் நான் கேக்கேல்ல, அவை தங்கட முறைப்படி இருக்கட்டும். நான் கேக்கிறது விவாகப் பதிவாளரின்ர புத்தகத்தில ஒரு வரி. 71 வயசுக்காரருக்கும் 66 வயசுக்காரருக்கும் “பேந்து” எண்டு ஒண்டு இல்ல.

இப்ப உங்கட பங்குக்கு வாறன்.

2023 இல பிரேம்நாத் தொலவத்த எம்பி இந்த 365, 365A ஐத் திருத்த ஒரு தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தவர். அதுக்கு எதிரா உயர் நீதிமன்றத்துக்குப் போனவை. மூண்டு நீதியரசர்கள் கேட்டு, இது அரசியலமைப்புக்கு முரணில்ல, சாதாரண பெரும்பான்மை போதும் எண்டு சொல்லிப்போட்டினம், 2023 மே மாதம் சபாநாயகர் அதச் சபையில வாசிச்சவர். சர்வசன வாக்கெடுப்பு வேண்டாம், மூண்டில ரெண்டு வேண்டாம். கை தூக்கினாப் போதும். பேந்து ஒண்டும் நடக்கேல்ல. 2024 செப்டெம்பரில பாராளுமன்றத்தைக் கலைச்சதோட அந்தச் சட்டமூலமும் போச்சு. அந்த 16 மாசத்தில தமிழ்ல ஒராள் எழும்பி இத எடுத்து விவாதியுங்கோ எண்டு கேப்பினமோ எண்டு நான் ரிவிக்கு முன்னால காத்துக்கொண்டு இருந்தனான்.

கலியாணப் பதிவு இதவிடக் கஷ்டம் எண்டு எனக்கு விளங்குது. 2024 ஜூனில பால்நிலை சமத்துவச் சட்டமூலத்துக்கு மூண்டில ரெண்டும் சர்வசன வாக்கெடுப்பும் வேணும் எண்டு உயர் நீதிமன்றம் சொன்னது. அரசியலமைப்பின்ர 12 ஆம் உறுப்புரை எல்லாரும் சமம் எண்டு சொல்லுது, 16 ஆம் உறுப்புரை பழைய சட்டம் அதுக்கு முரணா இருந்தாலும் செல்லும் எண்டு சொல்லுது, அதாலதான் 1883 இன்னும் உயிரோட இருக்கு. புது அரசியலமைப்பு எண்டு நீங்கள் எல்லாரும் கேக்கிறியள், அதிகாரப் பகிர்வுக்காக. அந்த மேசையில நீங்கள் இருக்கேக்க இந்த 16 ஐயும் கையில எடுங்கோ எண்டு கேக்கிறன். 

நீங்கள் வருசா வருசம் ஜெனீவாவுக்குப் போறனீங்கள். போகவேணும், எங்கட காணாமல் போன பிள்ளையளுக்காகப் போகத்தான் வேணும். அந்த ஜெனீவாவில 2021 இல சனத்திட்ட வாக்கெடுத்து, நூற்றுக்கு 64 பேர் ஓம் எண்டு சொல்லி, 2022 ஜூலை 1 இல இருந்து ரெண்டு பொம்பிளையளோ ரெண்டு ஆம்பிளையளோ பதிவுக் கலியாணம் முடிக்கலாம். ரொறொன்ரோவில 2005 க்கு முதலே. ஒஸ்லோவில 2009, பாரிசில 2013, லண்டனில 2014, ஜேர்மனியிலயும் அவுஸ்திரேலியாவிலயும் 2017. எங்கட சனம் ஓடிப்போய் உயிர் தப்பின இந்த ஊர் எல்லாத்திலயும் இது இருக்கு. அங்க எங்கட பிள்ளையளும் முடிக்கினம், கலியாணப் படங்கள் எனக்கும் வட்ஸ்அப்பில வரும், கூறைச்சேலை கட்டின ரெண்டு பெட்டையள் மாலையோட நிக்கிற படம், பக்கத்தில பட்டு வேட்டியோட அப்பா. ரீச்சர் அதில ஒரு படத்தைத் தன்ர போனில வைச்சிருந்தவ. ஆரெண்டே தெரியாத பிள்ளையளின்ர படம்.

உங்கட சொந்தப் பேத்தி ரொறொன்ரோவில ஆரின்ரயோ மனைவியா இருக்கலாம். விடுமுறைக்குக் கட்டுநாயக்காவில வந்து இறங்கினா அவள் ஆர்? 

மேற்கு நாட்டுப் பழக்கம் எண்டு தட்டிவிடாதேங்கோ. நேபாளத்தில 2023 நவம்பரில லம்ஜுங் மாவட்டத்தில ஒரு சோடியைப் பதிஞ்சிருக்கினம். தாய்லாந்தில 2025 ஜனவரியில இருந்து சட்டம். இந்தியாவில 2018 இல குற்றம் இல்லையெண்டு ஆக்கியாச்சு, 2023 இல கலியாணத்தை அவங்கட உச்ச நீதிமன்றம் தரேல்ல, ஆனா 2025 மே மாசம் சென்னையில, வீட்டுக்காரர் பிடிச்சுவைச்ச ஒரு 25 வயசுப் பிள்ளையை அவளின்ர துணையோட அனுப்பேக்க நீதிபதிகள் சொன்னது, கலியாணம் மட்டும்தான் குடும்பத்துக்கு வழியெண்டில்ல, தாங்களாத் தெரிஞ்செடுத்த குடும்பமும் குடும்பம்தான் எண்டு. அத வாசிச்ச அண்டைக்கு நான் ஹட்டன் பிள்ளையின்ர நம்பரை ஒருக்காத் திரும்ப எடுத்தன்.

கலாசாரம் எண்டு சொல்லுவியள். கலியாணத்துக்கும் சொத்துக்கும் யாழ்ப்பாணத் தமிழருக்கு இருக்கிற எங்கட தேசவழமைச் சட்டத்தையே 1911 இல சட்டம் போட்டு மாத்தினவை, சீதனம் வேண்டாம் எண்டு மேடையில நீங்களே சொல்லுறியள், போரில புருசனை இழந்த பிள்ளையள் திரும்ப முடிக்கேக்க முதல் ஆளாப் போய் வாழ்த்தின ஐயாமாரை எனக்குத் தெரியும். மாத்தேலாது எண்ட கலாசாரம் எங்களிட்ட எப்பவும் இருந்ததில்ல. 

2022 ஜூன் 25, காலிமுகத்திடலில, போராட்டக்காரர் கூடாரம் போட்டிருந்த கோட்டாகோகமவில, எங்கட ஆக்கள் வானவில் கொடியோட நடந்தினம். நானும் அவளும் மாஸ்க் போட்டுக்கொண்டு போனாங்கள். ஒரு சிங்களப் பெடியன் காட்போட் மட்டையைக் கொண்டுவந்து, அக்கே, இதில தமிழ்லயும் எழுதித் தாங்கோ எண்டு கேட்டவன். நிலத்தில குந்தியிருந்து மார்க்கரால “நாங்களும் இந்த ஊர்ச் சனம்” எண்டு எழுதினன். கை நடுங்கினதில “ச” கோணலாப்போச்சு. அந்த மட்டையைத் தூக்கிக்கொண்டு அவன் முன்னால போக, பின்னால நான் மாஸ்க்கைக் கழட்டினன். கடைக்கு வாற ஆக்கள் ஆரும் பாத்திருப்பினம். பரவாயில்ல எண்டு நினைச்ச முதல் நாள் அது.

அப்ப நான் கேக்கிறது. 365 உம் 365A உம் திரும்பச் சபைக்கு வந்தா கையைத் தூக்குங்கோ, வராட்டி நீங்களே கொண்டுவாங்கோ. அதில தமிழ்ல எழும்பிக் கதையுங்கோ, ஹட்டன்லயோ வாகரையிலயோ ஒரு பிள்ளை ஒளிச்சு வைச்ச போனில அதக் கேக்கும். ஆம்பிளை பொம்பிளை எண்டு பாக்காமல் ரெண்டுபேரைப் பதியிற ஒரு புத்தகம் வேணும் எண்டு சொல்லத் தொடங்குங்கோ. நாளைக்கே நடக்காது, தெரியும். அதுவரைக்கும் ஆஸ்பத்திரிக் கையெழுத்துக்கும், வீட்டுக்கும், பிரேதத்துக்கும் ஒருத்தர் தன்ர ஆள் ஆரெண்டு எழுதிக் குடுக்க ஒரு வழியாவது செய்யுங்கோ. உங்கட ஒபிசுக்கு வாறதுக்கு நான் தயார், அக்காவையும் கேட்டுப் பாக்கிறன்.

வாற மாசம் ரீச்சரின்ர முதலாம் ஆண்டு. சகோதரங்கள் தங்கட பக்கத்தால ஒண்டு போடுவினம். போன புதன்கிழமை அக்கா கடைக்கு வந்தவ, தனியத் தான் ஒரு நினைவஞ்சலி போடப்போறாவாம், தைச்ச காசில சேத்ததைக் கைலேஞ்சியில முடிஞ்சுகொண்டு வந்தவ. படம் தந்தவ, கண்ணாடியோட இருக்கிற படம். நாலு வரி எழுதியிருந்தவ, பாயைப் பற்றி ஒரு வரி இருக்கு, பன்பாய் எண்டே எழுதியிருக்கிறா. கீழ “உங்கள் பிரிவால் வாடும்” எண்டு எழுதி, கொஞ்சம் இடம் விட்டு, தன்ர பெயரைப் பென்சிலால எழுதியிருக்கிறா.

இதில என்ன போடுறது அக்கா எண்டு கேட்டன். தோழி எண்டு போடவோ, துணைவி எண்டு போடவோ. கனநேரம் அந்த இடத்தைப் பாத்துக்கொண்டு நிண்டவ. “நீ யோசிச்சுப் போடு பிள்ளை, எனக்கு ஒண்டும் வரக்கூடாது, ஆனா அவவுக்குத் தெரியவேணும்” எண்டிட்டுப் போனவ.

வெள்ளிக்கிழமை பேப்பருக்குக் குடுக்கவேணும். தாள் என்ர மேசையில கீபோட்டுக்குப் பக்கத்தில இருக்கு.

இப்படிக்கு,
வெள்ளவத்தையில இருந்து உங்கட வாக்காளர் ஒருத்தி